திங்கள், வெள்ளி வண்டிகள்

தெருவோர அடுப்பு – தொடர் கட்டுரை
இந்த வாரம்: சிறுவாச்சூர்

சிறுவாச்சூரில் எந்த வண்டிக் கடையில் சாப்பிடலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்றைக்குப் போகிறீர்கள்?

மற்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. திருச்சியிலோ சென்னையிலோ நல்ல வண்டிக்கு இடம் தெரிந்தால் போதும். இங்கே கிழமை தெரிய வேண்டும். மதுரகாளியம்மன் கோயிலில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் நடை திறந்து பூஜை நடக்கும், திங்களும் வெள்ளியும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள் என்பது நம்பிக்கை. விசேஷ நாட்கள் சிலவும் உண்டு. சித்திரையில் தேர், ஆடியில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். மதுரையை எரித்துவிட்டுச் சினம் தணியாமல் வந்த கண்ணகிதான் இங்கே மதுரகாளியாக அமர்ந்தாள் என்று ஊரார் சொல்வார்கள். தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குலதெய்வம் கும்பிடக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மொட்டை, காதுகுத்து, மாவிளக்கு என்று பாதிப் பகல் ஓடிவிடுகிறது. பசி வராமல் என்ன செய்யும்?

ஆகவே வியாழக்கிழமை வந்து பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பியவரும், வெள்ளிக்கிழமை வந்து நிற்க இடமில்லாமல் தவித்தவரும் பார்த்தது ஒரே தெருவைத்தான். வண்டி எங்கே, எப்போது நிற்கும் என்று தெரிந்து போவது வேறு ஊர்களிலும் உண்டு. அமெரிக்காவில் 2008-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ராய் சோய் என்ற சமையற்காரர் 'கோகி' என்றொரு வண்டியை இறக்கினார். கொரிய இறைச்சியை மெக்சிகோ டாக்கோவில் வைத்து விற்ற வண்டி அது. இன்றைக்கு எந்தத் தெருவில் நிற்கும் என்று ட்விட்டரில் அறிவிப்பார்கள், ஜனம் அங்கே ஓடும். ஃபுட் டிரக் என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியதில் அந்த வண்டிக்குப் பெரும் பங்கு. சிறுவாச்சூர் வண்டிகளுக்கு அப்படி ஓர் அறிவிப்பு தேவைப்படவில்லை. அவற்றின் நாட்காட்டியைக் கோயில் எழுதிவைத்திருக்கிறது.

இந்த ஊருக்கு இன்னும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று நெடுஞ்சாலை. பழைய எண் 45, இப்போது 38. பெரம்பலூருக்குச் சுமார் 8 கிலோமீட்டர் தெற்கே, திருச்சிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே ஊர். அரியலூர்ப் பக்கமிருந்து வரும் சிமென்ட் லாரிகள், தெற்கே இறங்கும் ஆம்னி பஸ்கள், குடும்பக் கார்கள் எல்லாம் இரவு பகலாக ஓடுகின்றன. மற்றொன்று தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும். நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் கிழமை கிடையாது. ஆக, கோயிலின் பசி வாரத்தில் இரண்டு நாள், மருத்துவமனையின் பசி தினமும், சாலையின் பசி எந்நேரமும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எங்கே என்ன சாப்பிடுவது என்பது தானாக விளங்கும்.

*

கோயில் தெருவிலிருந்து தொடங்குவோம். இந்தக் கோயிலின் பெரிய நேர்த்திக்கடன் மாவிளக்கு. வீட்டிலிருந்து மாவைக் கொண்டுவந்து போடும் வழக்கம் இல்லை. பச்சரிசியை ஊறவைத்து, கோயிலிலேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழித்து, நெய் ஊற்றித் திரி ஏற்றுவார்கள். இடித்த மாவின் ஈரமும் வெல்லமும் கலந்த வாசனை இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் எந்த வண்டியின் எண்ணெய் வாசனையும் நிற்காது. விளக்கு மலையேறிய பிறகு அந்த மாவைப் பிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். காசு வாங்காத அந்த ஒரு கவளத்தைத்தான் சிறுவாச்சூரில் நீங்கள் முதலில் சாப்பிட வேண்டும். வண்டிகளைப் பற்றிய கட்டுரையில் இதை முதலில் வைப்பது முறையா என்றால், எனக்கு முறைதான். ஓர் ஊரின் நாக்கு எங்கே பழகியிருக்கிறது என்று தெரியாமல் அந்த ஊர் வண்டிகளை மதிப்பிட முடியாது.

வெயில் ஏறியதும் தேட வேண்டியது கம்மங்கூழ். பெரம்பலூர்ச் சீமை மானாவாரிச் சீமை. இன்றைக்கு மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கும் கரிசலில் முந்தைய தலைமுறைகள் கம்பும் சோளமும் விதைத்தன. அரிசி அன்றாடச் சோறானதெல்லாம் பின்னால்தான். எனவே கூழ் இங்கே உடம்புக்கு நல்லது என்று புதிதாகக் கண்டுபிடித்த பண்டம் அல்ல, வீட்டுப் பழக்கம். கம்பை இடித்து, புடைத்து, காய்ச்சி, உருட்டி, இரவெல்லாம் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் லேசான புளிப்பு ஏறியிருக்கும். அதைக் கரைத்து மோர் விட்டு, உப்புப் போட்டுச் சொம்பில் தருகிறார்கள்.

"ஆயா, இன்னொரு சொம்பு ஊத்து."

"ஊத்துறேன் தம்பி. வெங்காயத்தக் கடிச்சுக்க, வெயிலுக்கு நல்லது."

இப்படித்தான் பேச்சு நடக்கும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், மாங்காய். இவை எல்லாவற்றுக்கும் மேலே உரித்த சின்ன வெங்காயம். கூழ் வண்டியில் நான் பார்ப்பது இரண்டு விஷயம். புளிப்பு மூக்கில் ஏறக் கூடாது, நாக்கில் மட்டும் தெரிய வேண்டும். ஏறியிருந்தால் அது நேற்றைய மிச்சம். இரண்டாவது, ஐஸ். குடிக்கத் தகுந்த ஐஸுக்கும் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக, உண்பதற்கு அல்லாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் உத்தரவிட்டது. கலக்காமலே விற்பவர்கள் இருக்கக்கூடும். மண்பானையில் குளிர்ந்த கூழே போதும், ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கம்பின் ருசியும் அப்போதுதான் தெரியும்.

திருவிழாக் கடைகளில் குழந்தைகள் கண்ணை இழுப்பது பஞ்சுமிட்டாய். ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்திருப்பது பரிசோதனையில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடைசெய்தது. கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தைக் கண்டால் பிள்ளைகளை நகர்த்திக்கொண்டு போய் அவித்த வேர்க்கடலை வாங்கிக் கொடுங்கள். மானாவாரி நிலத்துக் கடலை அது.

*

இனி நான் மனதாரச் சொல்ல வந்த வண்டி. சாலையோரத்தில் இருட்டு விழுந்ததும் பெட்ரோமாக்ஸுக்குப் பதில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிற முட்டை வண்டி. ஆம்லெட், ஆஃப்பாயில், கலக்கி, முட்டை தோசை. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கிடைப்பதுதானே, இதற்கு ஏன் சிறுவாச்சூர் வரவேண்டும் என்று தோன்றும். வரவேண்டும். காரணம் சட்டியில் இல்லை, சுற்றியுள்ள காட்டில் இருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்தில் புரட்டாசி மழையை நம்பி மக்காச்சோளம் விதைப்பார்கள். தை வாக்கில் அறுவடை. மாநிலத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் இது முன்வரிசை. அறுவடைக் காலத்தில் உதிர்த்த மணியைச் சாலை ஓரத்திலேயே காயப்போட்டிருப்பார்கள், மஞ்சளாக நீண்டு கிடக்கும். 2018-ல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தபோது இந்த மாவட்டத்து மக்காச்சோளக் காடுகள் பலத்த அடி வாங்கின. குருத்துக்குள் இருந்துகொண்டே தின்றுவிடும் புழு. இலை ஓட்டை ஓட்டையாக விரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதிலிருந்து மீண்டு மறுபடி விதைத்த சம்சாரிகளின் மாவட்டம் இது.

அந்த மணியில் பெரும்பகுதி மனிதர் வாய்க்குப் போவதில்லை. கோழித் தீவனமாகிறது. பக்கத்தில் நாமக்கல் இருக்கிறது, நாட்டின் பெரிய முட்டைச் சந்தைகளில் ஒன்று. முட்டைக் கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பாதியளவு மக்காச்சோளம். நல்ல கோழி ஏறக்குறைய நாளுக்கு ஒரு முட்டை இடும். அப்படியானால் ஒவ்வொரு முட்டைக்குப் பின்னாலும் சுமார் 55 கிராம் மக்காச்சோளம் இருக்கிறது. இந்தக் காட்டில் விளைந்தது மேற்கே போய், ஓடு போர்த்திக்கொண்டு, அட்டையில் அடுக்கப்பட்டுத் திரும்பி இந்த வண்டிக்கே வந்து உடைகிறது.

அதோடு சேரும் வெங்காயமும் இந்த மண்தான். தமிழ்நாட்டுச் சின்ன வெங்காயத்தில் பெரம்பலூருக்குத் தனி இடம் உண்டு. செட்டிகுளம், ஆலத்தூர், பாடாலூர்ப் பக்கமெல்லாம் வெங்காயக் காடு. அறுத்த வெங்காயத்தைத் தாளோடு காயவைத்து, பட்டறை போட்டு வைப்பார்கள். காற்று அடியிலும் பக்கத்திலும் புகுந்து வெளியேறும்படி கட்டி, மேலே மழை இறங்காமல் மூடுவது பட்டறை. விலை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க அதுதான் வழி. விலையோ பேயாட்டம் ஆடும். 2019 கடைசியில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. இன்னொரு பருவத்தில் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் போகும். வெங்காயம் ஏறிய நாட்களில் பல ஊர்களில் வண்டிக்காரர்கள் ஆம்லெட்டில் முட்டைக்கோஸைச் சீவிப் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வண்டியின் மனசு அங்கே தெரிந்துவிடும்.

சின்ன வெங்காயம் போட்ட ஆம்லெட் ஏன் வேறு ருசி? பெரிய வெங்காயத்தில் தண்ணீர் அதிகம். உப்புப் பட்டதும் நீர் விட்டு முட்டையைத் தளர்த்திவிடும், ஓரம் மொறுமொறுப்பாகாது. சின்ன வெங்காயத்தில் நீர் குறைவு, காரமும் இனிப்பும் கூடுதல். பொடியாக அரிந்து, உப்போடு விரலால் கசக்கி, பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்த்து, அதன் மேல் முட்டையை உடைத்து அடித்துக் காய்ந்த கல்லில் ஊற்றினால் விளிம்பில் வெங்காயம் சிவந்து ஒட்டும். மிளகுத்தூளை அடிக்கும்போது கலக்காமல் மேலே தூவ வேண்டும், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும். உரிப்பதற்கு மெனக்கெட வேண்டியிருப்பதால்தான் மற்ற ஊர்களில் யாரும் ஆம்லெட்டுக்குச் சின்ன வெங்காயம் எடுப்பதில்லை. இந்தச் சாலையில் வண்டிக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, சின்ன வெங்காயம் போட்டு ஒண்ணு." முகம் மலர்ந்துதான் போடுவார்.

கலக்கிக்கு வேறு கணக்கு. அரை நிமிடத்துக்குள் மடித்து எடுத்துவிட வேண்டும், உள்ளே குழைவாக இருக்க வேண்டும். நான் கலக்கியின் அன்பன். ஆனாலும் முழுதாக வேகாத முட்டை என்பதால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடைசெய்ததும் இதே பயத்தால்தான். சால்மோனெல்லா கிருமி நன்கு வெந்த முட்டையில் பிழைப்பதில்லை. ஆம்லெட்டை எல்லோரும் சாப்பிடலாம்.

*

மருத்துவமனைப் பக்கத்தின் பசி வேறு விதமானது. அங்கே ருசி தேடி யாரும் வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்தோ ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து, எத்தனை நாள் ஆகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வயிற்றைக் கெடுக்காத, பையைக் காலி செய்யாத ஒரு வேளைச் சாப்பாடு. இட்லி வண்டியை மிஞ்ச அங்கே எதுவும் இல்லை. ஆவியில் வெந்தது, கண் முன்னால் துணியிலிருந்து எடுப்பது, எண்ணெய் இல்லை. நோயாளிக்கும் கொண்டுபோகலாம். சுடச்சுட சாம்பார் இருக்கிறதா, சட்னி அன்றைக்கு அரைத்ததா என்று மட்டும் பாருங்கள். தேங்காய்ச் சட்னிதான் முதலில் கெடும்.

மாணவர்கள் கூடும் வண்டிகளில் காளான், பானிபூரி, ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன். வண்டிக் காளான் என்பது பெரும்பாலும் முட்டைக்கோஸும் மைதாவும் மசாலாவும்தான். அந்த வயதுக்கு அது பிடிக்கும், பிடிக்கட்டும். கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்தைத் தடைசெய்ததை மட்டும் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செக்கச்செவேல் என்றிருந்தால் தள்ளிவிடுங்கள்.

எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சில குறிகள் உண்டு. எண்ணெய் கறுத்து நுரைத்தால் நகர்ந்துவிடலாம். எண்ணெய் கெட்டுப்போகும்போது உண்டாகும் கழிவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். நமக்கு மூக்கும் கண்ணும் போதும். செய்தித்தாளில் பஜ்ஜி வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அச்சு மையில் இருப்பது எண்ணெயோடு உள்ளே போகும். 2019 ஜூலை முதல் அதுவும் விதிப்படி தவறு. வாழை இலைத் துண்டு கேட்டால் தருவார்கள். அதைவிடப் பெரிய குறி தண்ணீர். தட்டு கழுவும் வாளியில் தண்ணீர் எத்தனை முறை மாறுகிறது என்று பாருங்கள்.

அந்த வாளியில்தான் என் மனம் நிற்கிறது. வண்டிக்காரரின் சுத்தத்தைப் பற்றி நாம் பேசுகிறோம், அவருக்குக் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. ஒரு குடம் தண்ணீருக்கு வண்டியைப் பிள்ளையிடம் விட்டுவிட்டுத் தெருக் குழாய்க்கு நடக்கிறவரிடம் ஓடும் தண்ணீரில் தட்டுக் கழுவு என்று எப்படிச் சொல்வது?

நாடாளுமன்றம் 2014-ல் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, வியாபாரச் சான்றிதழ் தர வேண்டும், விற்பனைக் குழு அமைத்து அதில் 40 சதவீத இடங்களை வியாபாரிகளுக்கே தர வேண்டும், அந்த 40-இல் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன நல்ல சட்டம். ஆனால் அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்ற நகர எல்லையோடு நின்றுவிடுகிறது. பெரம்பலூர் நகராட்சித் தெருவில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சட்டத்தின் நிழல் உண்டு. 8 கிலோமீட்டர் தள்ளி, ஊராட்சியான சிறுவாச்சூரில் அதே வண்டி நின்றால் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றாலோ நிலைமை இன்னும் கடினம். 2002-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலை நிலச் சட்டப்படி சாலைக்குச் சொந்தமான இடத்தில் அனுமதியில்லாமல் எதை வைத்தாலும் அகற்றலாம். வேகமாக வரும் லாரிகளுக்குப் பக்கத்தில் அடுப்பு எரிவது ஆபத்துதான், அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது. அகற்றிய வண்டி எங்கே போய் நிற்கலாம் என்று சொல்ல இன்னொரு சட்டம் இல்லாததுதான் குறை.

கடனிலும் இதே கதை. தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020 ஜூனில் கொண்டுவந்த ஸ்வநிதி கடன் திட்டம் முதல் தவணையாக 10,000 ரூபாய் தந்தது. 2025-ல் அது 15,000 ஆனது, அடுத்தடுத்து 25,000, 50,000. திட்டம் நகரத்து வியாபாரிக்காகப் பிறந்தது. சுற்றுக் கிராமத்தவர் நகரத்துக்குள் வந்து விற்றால் சேர்த்துக்கொண்டார்கள். நகர விளிம்புப் பகுதிகளுக்கும் படிப்படியாக விரிப்பதாக இப்போது சொல்லியிருக்கிறார்கள். அந்த விளிம்பு சிறுவாச்சூர்வரை எட்ட வேண்டும். திங்கள், வெள்ளி இரண்டு நாளில் வாரத்தின் பெரும்பகுதியைச் சம்பாதிக்க வேண்டியவருக்கு, மழையில் ஒரு வெள்ளிக்கிழமை போனால் கந்துவட்டிதான் கதவு. மற்ற நாட்களில் அவர் சும்மா இருப்பதும் இல்லை. குட்டி யானை வண்டியில் அடுப்பை ஏற்றியவர் செவ்வாய், ஞாயிறு என்றால் இதே சாலையில் தெற்கே சமயபுரம் போகலாம், இடையில் வாரச் சந்தைகளைப் பிடிக்கலாம். தள்ளுவண்டிக்காரருக்கு அந்த வசதியும் இல்லை.

வண்டிக்காரர்களுக்கு இடம் தந்து மானத்தோடு நிறுத்திய நாடு ஒன்று நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். சிங்கப்பூரில் தெருவில் இருந்த உணவுக் கடைகளை 1970-களிலும் 80-களிலும் குழாயும் சாக்கடையும் மின்சாரமும் உள்ள அங்காடிகளுக்கு மாற்றினார்கள். அங்கே மீ கோரெங் கிளறும் தமிழ் முஸ்லிம் கடைகளும் அப்படி உள்ளே வந்தவைதான். 2020 டிசம்பரில் அந்த அங்காடி வாழ்க்கையை யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. சிறுவாச்சூருக்குக் கட்டடம் வேண்டியதில்லை. கட்டடம் வந்தால் வாடகை வரும், வாடகை வந்தால் ஆயாவின் கூழ்ப்பானை வெளியே போகும். கோயில் தெருவில் ஓர் ஓரமும் மருத்துவமனைப் பக்கம் ஓர் ஓரமும் கோடு போட்டு ஒதுக்கி, இரண்டு இடத்திலும் ஓடும் குழாய், கழிவு நீர் போக வாய்க்கால், ஒரு மின் இணைப்பு, பெண்களுக்குக் கழிப்பறை. இவ்வளவுதான். உணவுப் பாதுகாப்பு விதிகளில் சிறு வியாபாரிக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று 2011-லேயே வைத்தார்கள். ஏதாவது ஒரு திங்கட்கிழமை அதிகாரி ஒருவர் கோயில் தெருவில் மேசை போட்டு உட்கார்ந்தால், வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றை ஒரே நாளில் பதிவு செய்துவிடலாம்.

இதைக் கேட்பதற்கு ஊராட்சியில் இடம் இருக்கிறது. கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைய கூட்டத்தில் ஊர் வாக்காளரான எந்த வண்டிக்காரரும் எழுந்து, கோயில் தெருவுக்கு ஒரு குழாய் வேண்டும் என்று தீர்மானம் கேட்கலாம். ஊருக்குள் இருக்கும் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கைதூக்க ஆள் வேண்டும்.

(தொடரும்)